தனம் அக்காவுக்குப் பந்தியில் ஏன் கேட்கவில்லை

அன்புள்ள சரவணா,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டுவது நியாயம்தான், திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். முருகேசன் இன்னும் அதே பைக், அதே ஹாரன்.

தனம் அக்காவுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உட்செவிக்குள் வைத்துக் கேட்கும் நரம்பை மின்சாரத்தால் நேராகத் தூண்டுகிற கருவி, வைத்தது உனக்குத் தெரியும். கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் அறையில் உதட்டைப் பார்க்காமலே முழு வாக்கியங்களைத் திருப்பிச் சொல்கிறாள், என்னோடு போனில்கூடப் பேசுகிறாள். போன வாரம் குமார் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறுகிற பையன் குனிந்து "சாம்பாரா, வத்தக்குழம்பா?" என்று கேட்கிறான். அக்கா அவன் கையிலிருந்த வாளியைப் பார்க்கிறாள், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறாள். பக்கத்து இலையிலிருந்து பெரியம்மா, "இவ்வளவு செலவு பண்ணியும் கேக்கலையா? இவதான் கவனிக்கிறதில்ல" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றிலிருந்து இதையேதான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

நம் உட்செவியில் ஒலியை நரம்புக்குக் கடத்துகிற ஏறக்குறைய 3,500 உள் மயிர்ச்செல்கள் செய்கிற வேலையை, கருவி செய்யும் கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) செய்ய வேண்டியிருக்கிறதுடா. ஒன்று விடும் மின்சாரம் பக்கத்து நரம்புகளுக்கும் பரவிவிடுகிறது. அதனால் எத்தனை எலக்ட்ரோடு இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 8 சேனலுக்கு (தனித்தனி ஒலிப்பாதைக்கு) மேல் பலன் கூடவில்லை என்று 2001-லேயே ஃப்ரீசன், ஷானன் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் காட்டிவிட்டார்கள். அமைதியான அறைக்கு அது போதும். 1995-ல் ஷானன் பேச்சை வெறும் 4 அலைவரிசைப் பட்டைகளாகச் சுருக்கிக் கொடுத்தும், நல்ல காது உள்ளவர்கள் கொஞ்சம் பழகியதும் புரிந்துகொண்டார்கள். சத்தம் சேர்ந்தால்தான் கதை மாறுகிறது. கூட்டத்தில் ஒருவர் குரலின் சுருதியைப் பிடித்துக்கொண்டு நாம் பின்தொடர்கிறோம், மற்ற சத்தம் கொஞ்சம் தணிகிற இடைவெளிகளில் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொள்கிறோம். அக்காவுக்குப் போய்ச் சேரும் ஒலியில் அந்தச் சுருதியே மங்கல். கவனிக்காமல் இல்லை, நம்மைவிட அதிகமாகவே கவனிக்கிறாள், பாவம்.

சரி, யாருக்கு இரைச்சலில் நன்றாகக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? எத்தனை வருடம் கேட்காமல் இருந்தார், எந்த வயதில் வைத்தார், எதனால் காது போனது என்றெல்லாம் 2251 பேரை வைத்து ப்ளேமி குழுவினர் 2013-ல் கணக்குப் பார்த்தார்கள். அப்படியும் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் பிடிபடவில்லை. எனக்கு நம்பிக்கை தந்தது வேறொரு சோதனை. ஒலியின் நிறமாலையில், அதாவது தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரையிலான பரப்பில், வரிசையாக மேடுபள்ளங்கள் வைத்து, அவை இடம் மாறியதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். நெருக்கமான மேடுபள்ளங்களையும் பிரித்தறிகிறவர்களுக்குப் பொதுவாக இரைச்சலிலும் பேச்சு நன்றாகப் புரிகிறது என்று 2007-ல் வான், ட்ரென்னன், ரூபின்ஸ்டைன் கண்டார்கள். இதற்கு மொழியே தேவையில்லை, நம் அக்காவுக்கும் அப்படியே வைக்கலாம்! சோதனைக்கான தமிழ் வார்த்தைப் பட்டியலுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அக்காவுக்கு மேப்பிங் (எலக்ட்ரோடுகளின் மின்சார அளவை அவளுக்கு ஏற்றபடி சரிசெய்வது) செய்த இடத்தில் ஒருமுறைகூட இரைச்சல் போட்டுச் சோதிக்கவில்லை. அமைதியில் எடுத்த மார்க்கைக் காட்டி "சூப்பர்" என்று அனுப்பிவிட்டார்கள். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் மாமனாருக்கும் ஆபரேஷன் பேச்சு நடக்கிறது என்றாயே, அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா பேரனோடு போனில் பேசுவதைக் கேட்டால் நீயும் சொல்ல மாட்டாய். ஆனால் போகும்போது கேள்: சத்தத்தில் பாதி வார்த்தையாவது புரிய, பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்று ஆபரேஷனுக்குப் பிற்பாடு அளந்து சொல்வீர்களா? பேசுகிறவர் சட்டையில் மாட்டுகிற வயர்லெஸ் மைக், இம்ப்ளான்ட்டின் வெளியே மாட்டுகிற பாகமான பிராசசரோடு சேருமா? அத்தையையும் கூட அழைத்துப் போ, இரண்டையும் அவரும் கேட்கட்டும்.

தேதி முடிவானதும் எழுது. அக்காவிடம் நேரடியாகப் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் டிவி போடுவதற்கு முன்னால் கூப்பிடு.

அன்புடன்,
பாலு