தலைமையாசிரியர் கடிதம்: பள்ளி நிலவரமும் ஆறாம் ஆண்டின் பினாங்குச் சுற்றுலாவும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டு முடியும் வேளையில் வழக்கம்போல் பள்ளி நிலவரத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். விளையாட்டுப் போட்டி மழைக்கு நடுவிலும் நன்றாகவே நடந்தேறியது. திருக்குறள் மனனப் போட்டியிலும் சதுரங்கத்திலும் நம் மாணவர்கள் மாவட்ட அளவில் பரிசு வாங்கி வந்தார்கள். சிற்றுண்டிச்சாலையின் ஒழுகிய கூரை மாற்றப்பட்டுவிட்டது. கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு வந்து கால்வாயைத் துப்புரவு செய்த தந்தையர்களுக்கும், அன்று எல்லாருக்கும் மீகூன் பிரட்டிக் கொண்டுவந்த தாய்மார்களுக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கை அடுத்த வாரம் வீட்டுக்கு வரும். பார்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இனி ஆறாம் ஆண்டு மாணவர்களின் பினாங்குப் பயணத்துக்கு வருகிறேன். மற்ற ஆண்டுகளின் பெற்றோர்களும் படிக்கலாம். உங்கள் முறையும் வரும்.

இது ஓர் இரவு, இரண்டு பகல் பயணம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டு, சனிக்கிழமை மாலை திரும்புகிறோம். மலையும் கடலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் இடம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு இல்லை என்பதால்தான் ஆசிரியர்கள் பினாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டர்வொர்த்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஃபெரியில் ஏற்றுகிறோம். 2021 முதல் ஃபெரியில் கார், பேருந்து ஏற்றுவதில்லை. அதனால் நம் பேருந்து மட்டும் 13.5 கிலோமீட்டர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஜார்ஜ்டவுன் கரையில் காத்திருக்கும். பாதிப் பிள்ளைகள் ஃபெரியில் ஏறியதே இல்லை என்று வகுப்பாசிரியர் சொன்னார். ஏறாமல் வந்தால் அது என்ன பினாங்குப் பயணம்?

வெள்ளிக்கிழமை காலையிலேயே கொடிமலை (பினாங்கு ஹில்). வார நாளில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் அங்கே மலை ரயிலுக்கு வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். 1923-இலிருந்து ஓடும் ரயில் அது. முன்பெல்லாம் நடுவழியில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும். 2011-க்குப் பிறகு ஒரே மூச்சில் மேலே போய்விடுகிறது. மலையின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். கீழே இருப்பதைவிட மேலே சில டிகிரி குளிராக இருக்கும், ஆகவே ஒரு மெல்லிய குளிராடை போதும். ஜென்டிங் குளிர்மலைக்குப் போவதுபோல் மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம். மேலே முருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் மரத்தில் அமைதியாக இலை தின்றுகொண்டிருக்கும். நீள வால் குரங்குகள் அப்படி இல்லை, பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பாய்ந்து பறிக்கும். தின்பண்டங்களைப் பிளாஸ்டிக் பையில் கொடுத்தனுப்பாதீர்கள். மாலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறோம். 513 படி. ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் ஓர் ஆசிரியருடன் இருப்பார்கள்.

சனிக்கிழமை தெலுக் பாஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்கா. நுழைவாயிலில் பதிவு செய்துவிட்டுக் காட்டு வழியாகப் பந்தாய் கெராச்சுட் வரை நடை. பிள்ளைகளின் வேகத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே ஆமை முட்டைகளைக் காத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையம் இருக்கிறது. மேலே நன்னீரும் அடியில் உப்புநீருமாக, ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும் ஏரியும் இருக்கிறது. மழைக்காலமாதலால் இப்போது அதில் தண்ணீர் இருக்கும் என நம்புகிறோம். திரும்பும்போது கடல் அமைதியாக இருந்தால் படகு, எல்லாருக்கும் பாதுகாப்பு அங்கியோடு. அலை அதிகமாக இருந்தால் வந்த வழியே நடை. இந்த முடிவை அன்று அங்கே நிற்கும் ஆசிரியர்கள் எடுப்பார்கள்.

கடலில் யாரும் இறங்க மாட்டார்கள். முட்டியளவு தண்ணீருக்குக்கூட அனுமதி இல்லை. அந்தக் கரையோரத்தில் கடுமையாகக் கொட்டும் சொறிமீன்கள் இருக்கின்றன. “என் மகன் நீச்சல் வகுப்புக்குப் போகிறான், அவனை மட்டும் விடுங்கள்” என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரண்டு வாரமாக நடப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஆலோசனைகள் வந்தன. கெக் லோக் சி கோயிலைச் சேர்க்கலாமே, வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தை விடலாமா, பத்து ஃபெரிங்கி இரவுச் சந்தைக்குப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் கூட்டிப்போனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் அன்பால் சொன்னவை, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தால் பிள்ளைகள் பினாங்கைப் பேருந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். ஓர் இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்கட்டும் என்றுதான் நாளுக்கு ஒன்றிரண்டு இடங்களாகக் குறைத்திருக்கிறோம்.

பிறகு ஒருவர், பிள்ளைகள் தங்கும் அதே விடுதியில் தாமும் அறை எடுத்துவிட்டதாக எழுதினார். அன்று மாலைக்குள் இன்னும் சிலர் விலை விசாரித்திருக்கிறார்கள். “நாம் தனிக் காரில் பேருந்துக்குப் பின்னாலேயே போகலாம், தொந்தரவு செய்ய மாட்டோம்” என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே பெருவிரலை உயர்த்திப் பலர் ஆமோதித்திருக்கிறார்கள்.

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, முதன்முறையாக வீட்டுக்கு வெளியே ஒரு இரவு. இருட்டில் தூங்காது, அம்மா பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடும், மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. கவலைப்படாத பெற்றோர் இருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு தைப்பிங் பயணத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பின்தொடர்ந்து வந்த ஒரு தந்தை, ஆசிரியரிடம் சொல்லாமல், மகளைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். பேருந்தில் தலை எண்ணும்போது ஒரு பிள்ளை குறைகிறது. மறுபடி எண்ணினார்கள். அப்போதும் குறைந்தது. ஓர் ஆசிரியை கழிப்பறை கழிப்பறையாகத் தட்டிப் பார்த்தார், இன்னொருவர் ஏரிக்கரை நெடுக ஓடினார். மற்றப் பிள்ளைகள் வெயிலில் நின்ற பேருந்துக்குள் அழத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பிள்ளை கையில் செண்டோல் குவளையோடு காரிலிருந்து இறங்கியது. அந்தத் தந்தை மன்னிப்புக் கேட்டார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏரிக்கரையில் ஓடிய ஆசிரியர் இந்த ஆண்டு பொறுப்பாசிரியராக வரத் தயங்கினார். அவரை இசைய வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பள்ளிப் பயணத்தின் இரண்டு நாளும் பெற்றோர் எவரும் பேருந்தைப் பின்தொடரக் கூடாது. அதே விடுதியில் தங்கக் கூடாது. இடையில் எந்த இடத்திலும் பிள்ளையைச் சந்திக்கவோ அழைத்துச் செல்லவோ கூடாது. அறை எடுத்துவிட்டவர்கள் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நாம் அனுப்பிய பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமே இந்தப் பயணத்தில் இருப்பார்கள். இதற்கு உடன்பட இயலாதவர்கள் இசைவுப் படிவத்தைத் தர வேண்டாம். கட்டிய பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும், பிள்ளையின்மேல் எந்தக் குறையும் வராது. உடன்பட்டுக் கையொப்பமிட்டபின் மலையடிவாரத்தில் உங்கள் காரை நான் பார்த்தால், பிள்ளையை அங்கேயே உங்களிடம் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்வேன். அதற்குமேல் அவர்களின் பயணம் உங்கள் பொறுப்பு.

கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. தொடக்கப்பள்ளிக்கு உள்ள விதி பயணத்திலும் உண்டு. பையின் அடியில் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்தாலும் இரவு பத்து மணிக்கு அது ஒலிக்கும், எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிச் சொல்வதால் உங்களை ஒதுக்கி வைப்பதாக நினைக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் ஒரு தாயும் ஒரு தந்தையும் முறைப்படி எங்களோடு வருகிறார்கள். ஆசிரியர் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் புலனத்தில் படம் போடுவார். உங்கள் பிள்ளை படத்தில் இல்லையென்றால் பின்னால் எங்கோ நிற்கிறது என்று பொருள், உடனே அழைக்காதீர்கள். மருந்து சாப்பிடும் பிள்ளைகளின் மருந்தை, பெயரும் வேளையும் எழுதி வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். பத்து ஃபெரிங்கியைத் தாண்டினால் கடலோரச் சாலை நிறையவே வளையும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் இருக்கை ஒதுக்கியாகிவிட்டது. ஆசாம்போய் (புளிப்பான உலர்பழம்) ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினால் நல்லது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து.

குடும்பத்தோடு பினாங்கு போகும் ஆசை வந்துவிட்டவர்களும் உண்டு. தாராளமாகப் போங்கள், வேறொரு வாரத்தில். வார நாளில் விடுப்பு கிடைத்தால் காலை முதல் ரயிலிலேயே கொடிமலை ஏறிவிடுங்கள். வெயில் ஏறுமுன் கடலும் பாலமும் தெளிவாகத் தெரியும். தேசியப் பூங்காவில் நடை வேண்டுமென்றால் மதியத்துக்குமேல் தொடங்காதீர்கள், இந்தப் பருவத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். வழி கேட்க வேண்டுமென்றால் உங்கள் பிள்ளையையே கேளுங்கள். அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், உங்களைக் கூட்டிப்போவதில் அவர்களுக்கும் ஒரு பெருமை.

பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றிருக்கிறது. மீதியையும் கட்ட இயலாத குடும்பம் இருந்தால் என்னிடம் மட்டும் சொன்னால் போதும், பணம் இல்லாததால் எந்தப் பிள்ளையும் வீட்டில் இருக்காது. இசைவுப் படிவம் வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். பயண நாளில் காலை 5.30-க்குப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, கையசைத்துவிட்டு, வேலைக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அதே வாசலில் எல்லாரையும் எதிர்பார்க்கிறேன். தாமதமானால் புலனத்தில் செய்தி வரும்.

இத்தனை ஆண்டுகளாக இந்தச் சின்னப் பள்ளியை நம்பிப் பிள்ளைகளை அனுப்பி, கேட்ட நேரத்தில் எல்லாம் துணை நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்