வராத துப்பாக்கிக்கு யார் கையெழுத்துப் போட்டது?

தேர்தல் வந்தால் சேலம் மாவட்டத்தின் துப்பாக்கி உரிமங்களை எடுத்துவைத்துப் பரிசீலித்து, யார் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், யாருக்கு விலக்கு என்று முடிவு செய்யும் ஆய்வுக் குழுவில் இருந்த, இருக்கிற, இனி வரப்போகிற அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் சேர்வராயன் மலையில் 3 ஏக்கரில் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும் வைத்திருக்கிறேன். அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ளது. அப்பா போன பிறகு என் பெயரில் அதை வாங்க ஒன்றரை வருடம் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் நடந்திருக்கிறேன்.

அது எப்படிப்பட்ட ஆயுதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழல் வாயில் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். தேங்காய் நாரை அடைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பால்ரஸ் என்கிற சிறு இரும்புக் குண்டுகளைப் போட்டு மறுபடி அடைக்க வேண்டும். அப்புறம் பின்பக்கம் பொறி கிளப்பும் சின்ன வெடி மூடியை (கேப்) வைத்து, கையை நெஞ்சில் வைத்துச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு விசையை இழுக்க வேண்டும். மழை நாளில் பாதி நேரம் வெடிக்காது. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே ஒருவர் டீ குடித்து முடித்துவிடலாம். இதை வைத்துக்கொண்டு வாக்குச்சாவடியைக் கைப்பற்ற வேண்டுமென்றால், நான் மருந்து இடித்து முடிக்கும் வரைக்கும் பூத் ஏஜென்டுகள் எல்லாரும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் பன்றிக்கு அந்த ஒரு சத்தம் போதும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று இந்த வகைத் துப்பாக்கியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. அதாவது விவசாயிக்கு இது தேவைப்படும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. (காட்டெருமைக்கு எந்தச் சத்தமும் ஆகாது. நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மேயும். அதற்கு வேண்டியது பொறுமையும், ஓடி ஏற ஒரு மரமும்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2024 மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் தேதிகளை அறிவித்தார்கள். இரண்டாம் நாளே காவல் நிலையத்திலிருந்து போன். எந்த நிலையம் என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்களும் சொன்னதைச் செய்கிறவர்கள்தான். "துப்பாக்கியைக் கொண்டாந்து வெச்சிருங்க" என்றார் காவலர். நோட்டீஸ் ஏதும் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் வரும், நீங்க முதல்ல வாங்க." எங்கள் ஊருக்கு வரும் பஸ் ஒன்றைப் பிடித்து, கோணியில் சுற்றிய துப்பாக்கியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். நான் ஏழாவது. எல்லோரும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் ஆசாமிகள், எல்லோர் கையிலும் கோணி. இருந்ததிலேயே மூத்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். அவர் மேல் வழக்கு என்று ஒன்று இருந்தால், அது பங்காளியோடு வரப்புத் தகராறாக மட்டும்தான் இருக்க முடியும்.

எங்கள் பக்கத்தில் இரட்டைக் குழல் துப்பாக்கியும் கைத்துப்பாக்கியும் வைத்திருக்கும் தோட்ட முதலாளி ஒருவர் உண்டு. கட்சிக்காரர். அவருடைய கார் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போதே எந்தக் கட்சி என்று கொடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவர் வரவில்லை, அவருடைய ஆளும் வரவில்லை. கடைசியாக ரசீது எழுதும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அவருக்கு விலக்கு அண்ணே" என்றார் எழுதியவர். யார் கொடுத்தது? பேனாவால் மேலே காட்டினார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

இதை வைத்து நீங்கள் ஒருதலைப்பட்சமாக நடந்தீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவருக்கு உயிருக்கு மிரட்டல் இருந்திருக்கலாம். அவருடைய துப்பாக்கிகள் அப்போது ஆயுத டீலரிடம் இருந்திருக்கலாம், சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் நீங்கள் வைக்கவில்லை என்பதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

தேர்தல் ஆணையம் சொல்லியிருப்பது என்ன? லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தச் சொல்லவில்லை. மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் சேர்ந்த ஒரு குழு, ஒவ்வொரு உரிமத்தையும் பார்த்து முடிவு எடுக்க வேண்டும். ஜாமீனில் வெளியே இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு, அதிலும் தேர்தல் நேரத்தில், கலவரத்தில் ஈடுபட்டவர்கள் என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறது. முடிவு எடுத்த பிறகு நோட்டீஸ் தர வேண்டும், ஒப்படைக்க அவகாசம் தர வேண்டும், தேர்தல் முடிவு வெளியாகி ஒரு வாரம் ஆனதும் துப்பாக்கியைத் திருப்பித் தர வேண்டும். இத்தனையும் நீங்கள் படித்த சுற்றறிக்கைதான். அந்த எழுபது வயதுக்காரர் இதில் எந்த வகையில் வந்தார் என்று குழு உட்கார்ந்து யோசித்ததா, அல்லது பட்டியலில் இருந்த போன் நம்பருக்கெல்லாம் வரிசையாக அடித்தார்களா? நம்பரை எடுக்காதவர்கள், எடுத்தாலும் அதட்ட முடியாதவர்கள் மட்டும் தப்பித்தார்களா?

நாங்கள் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. பீகாரிலும் வங்கத்திலும் ஜூன் 1-ஆம் தேதி கடைசிக் கட்டம் முடிந்து, 4-ஆம் தேதி எண்ணி முடிக்கும் வரை எங்கள் ஏழு துப்பாக்கிகளும் சாமான் அறையில் காத்துக் கிடந்தன. அறிவிப்பிலிருந்து முடிவு வரை 80 நாள். மலையில் அந்த 80 நாள் என்ன நாட்கள் தெரியுமா? மிளகு பறித்து முடியும் நேரம். கோடை மழை இரண்டு பெய்து காப்பி பூத்து முடிந்து, மண் இளகியிருக்கும். புழுவுக்கும் கிழங்குக்கும் பன்றி மண்ணைக் கிளறும், இளம் காப்பிச் செடி வேரோடு சாயும். மே மாதம் பலா பழுத்து விழ ஆரம்பித்தால் வாசனைக்குக் கூட்டமாக வரும். நான் தகர டின்னைத் தட்டினேன். பையன் செல்போனில் நாய் குரைக்கும் சத்தம் போட்டான். முதல் நாள் பன்றி ஓடியது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு நாய் மட்டும்தான் பதிலுக்குக் குரைத்தது.

2025 ஜனவரியில் அரசு பன்றிக்கு ஒரு வழி செய்ததே என்பீர்கள். சரி. காப்புக் காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம், 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. என் வேலிக்கு அந்தப் பக்கம்தான் காடு. அந்த ஆணை கீழ்நாட்டுக்காரர்களுக்கு.

ஒருதலைப்பட்சம் என்ற பேச்சு இந்த மலையில் புதிதும் இல்லை. 1878-இல் வெள்ளைக்கார அரசு ஆயுதச் சட்டம் போட்டபோது ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. காப்பித் தோட்டத்துத் துரைக்கு லைசென்ஸ் தேவையில்லை, பக்கத்துச் சரிவில் சாமை விதைத்த மலையாளிக்குத் தேவை. (வெளியூர்க்காரர்களுக்காக: மலையாளி என்பது இந்த மலையின் பழங்குடி மக்களின் பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.) நாடு விடுதலையாகி 1959-இல் நமக்கென்று சட்டம் வந்த பிறகும், துரை இருந்த இடத்தில் யாரோ ஒருவர் இருந்துகொண்டேதான் இருக்கிறார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடகில் இன்றைக்கும் குடகருக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். எனக்கு அந்த விலக்கு வேண்டாம். இருட்டில் பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட கதை இல்லாத மலையே கிடையாது. லைசென்ஸ் வேண்டும், சோதனையும் வேண்டும்.

கட்சிக்காரர்கள் இந்த மடலைப் பகிர்வதற்கு முன்னால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 சட்டமன்றத் தேர்தலில் கீழே ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் என் மைத்துனர் இதே புலம்பலை வரி மாறாமல் சொன்னார். அப்போது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி. மே மாதம் ஆட்சி மாறியது, மைத்துனரின் புலம்பல் நின்றுவிட்டது. அவருடைய துப்பாக்கியையும் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லையாம். அதைப் பெருமையாகச் சொன்னார். நான் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

துப்பாக்கியை ஒப்படைப்பது மட்டும்தான் என்றால் நான் இவ்வளவு நீட்ட மாட்டேன். கள்ளத் துப்பாக்கி வழக்கைப் பாருங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. அதே திருத்தம்தான் கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் வானத்தை நோக்கிச் சுடுவதையும் குற்றமாக்கியது. அதற்கு அதிகபட்சமே 2 ஆண்டு, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மலைக்காரப் பையனுக்குத் தண்டனை தொடங்கும் இடத்தில் கல்யாண வீட்டுக்காரருக்குத் தண்டனை முடிகிறது. அதுவாவது நடக்கிறதா? சில வருடத்துக்கு முன் மலைக்குக் கீழே ஒரு பெரிய வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்பில் இரண்டு வெடி. பட்டாசு சத்தம் எது, தோட்டா சத்தம் எது என்று எனக்குத் தெரியாதா? வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. வழக்கு என்று எதையும் நான் கேள்விப்படவில்லை. அதே மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு பையனை, தாத்தாவின் துருப்பிடித்த குழலைப் பரணில் வைத்திருந்ததற்காக ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் செய்தது தப்பு. தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீசார் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போனபோதே அவன் கொடுத்திருக்க வேண்டும். சில ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கோவில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்கள், இவன் பயந்துகொண்டு இருந்துவிட்டான். ஆனால் இப்படி உரிமம் இல்லாமல் வைத்திருந்த வழக்கை நடத்த 39-ஆவது பிரிவின்படி மாவட்ட நடுவரின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும். அந்தக் கையெழுத்து யாருக்கு ஒரு வாரத்தில் விழுகிறது, யாருக்கு விழாமலே போகிறது?

நான் போன வருடம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பார்த்தேன். பெயர் எதையும் கேட்கவில்லை. எத்தனை உரிமம், எத்தனை பேரை ஒப்படைக்கச் சொன்னீர்கள், எத்தனை பேருக்கு விலக்கு, எந்தக் காரணத்தில் எத்தனை, இவ்வளவுதான். "கோரிய வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதைத்தான் தொகுக்கச் சொல்கிறேன். அடுத்த தேர்தலுக்கு நீங்கள் கூடும்போது, ஒப்படைக்கச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். விலக்குக் கொடுப்பவர்களுக்கும் ஏன் என்று கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். அந்த எண்ணிக்கைகளைத் தாலுகா அலுவலகப் பலகையில், பெயர் இல்லாமல், ஒரு தாளில் ஒட்டுங்கள். வங்கிக் காவலர் இத்தனை, துப்பாக்கி சுடும் வீரர் இத்தனை, உயிர் மிரட்டல் இத்தனை என்று இருந்தால் நான் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறுவேன். தோட்ட முதலாளிக்குக்கூட அது நல்லதுதான், டீக்கடையில் அவரைப் பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் பொய்யாக இருக்கலாம்.

திருப்பித் தருவதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 11-ஆம் தேதி வாக்கில் கிடைத்திருக்க வேண்டிய துப்பாக்கி, மூன்று முறை நடந்த பிறகு ஜூலை கடைசியில் கிடைத்தது. குழலுக்குள் துரு. அரை லிட்டர் மண்ணெண்ணெயும் இரண்டு ராத்திரியும் ஆயிற்று அதைச் சுரண்ட. அந்த எழுபது வயதுக்காரர் இரண்டாம் முறைக்கு மேல் வரவில்லை, அவருடையது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

என் ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்படைத்த தேதி, துப்பாக்கி எண், என் கையெழுத்து, எழுதியவர் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள். அதில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

இப்படிக்கு,
வரிசையில் ஏழாவதாக நின்றவன்,
சேர்வராயன் மலை.