பூப்பறிக்கும் நேரமும் குழு அறையும்: நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடாளுமன்றத்தின் தொழிலாளர் நிலைக்குழு, கல்வி நிலைக்குழு ஆகியவற்றின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மதுரை மாவட்டத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் வகுப்பில் முதல் பாடவேளையிலேயே கண் சொருகிவிடும் பிள்ளைகள் எல்லா வருடமும் இருந்தார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தில் போனால் மல்லிகை வாசம் அடிக்கும். மொட்டு விரிவதற்குள் பூவைப் பறித்தாக வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் மூன்று, நான்கு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். தாயோடு பிள்ளையும் இறங்கும். பூ சந்தைக்குப் போன பிறகு, பிள்ளை பள்ளிக்கு வரும். பூ கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மாதங்களில்தான் முழு ஆண்டுத் தேர்வும் வரும்.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நான் ஒருநாளும் குற்றவாளிகளாக நினைத்ததில்லை. கூலிக்கு ஆள் வைக்க முடியாத குடும்பத்தில் ஒரு ஜோடிக் கை கூடினால் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும். இந்த மடல் அவர்களைப் பற்றியதல்ல. அந்தப் பிள்ளையின் விடியற்காலை, டெல்லியில் ஒரு குழு அறையில் பேசப்பட்டது. குழு சொன்னது சரியாக இருந்தது. அதைப் பிறகு நாடாளுமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்த மசோதா 2012 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமானது. 1986 சட்டம் சில தொழில்களில் மட்டும்தான் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. புதிய மசோதாவோ 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில் அது மிக நல்ல மாற்றம். ஆனால் கூடவே ஒரு விலக்கும் இருந்தது. பள்ளி நேரம் முடிந்தபின் பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம். விடுமுறையில் வயலிலும் வீட்டுத் தொழிலிலும் உதவலாம்.

மசோதாக்களை ஆராய்ந்து பரிந்துரை சொல்லும் தொழிலாளர் நிலைக்குழுவுக்கு அது போனது. 2013 டிசம்பரில் வந்த அறிக்கையில் குழு அந்த விலக்கின் மேலேயே கை வைத்தது. பிள்ளை அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறதா, குடும்ப வருமானத்துக்காக உழைக்கிறதா என்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாது, வீட்டுக்குள் நடப்பதைக் கண்காணிக்கவும் வழியில்லை, அமைச்சகமே சட்டத்தில் ஓட்டை வைக்கிறது என்ற பொருளில் எழுதி, அதை நீக்கச் சொன்னது. வகுப்பறையில் நின்ற எவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது, எங்கோ இருக்கும் ஒரு குழு என் வகுப்புக்குள் வந்து எட்டிப் பார்த்ததைப் போல இருந்தது.

பிறகு 2016 ஜூலை. மசோதா 19ஆம் தேதி மாநிலங்களவையிலும் 26ஆம் தேதி மக்களவையிலும் நிறைவேறியது. விலக்கு நீங்கவில்லை. ‘குடும்பத் தொழில்’ என்ற பெயரில் சட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டது. 2017இல் வந்த விதிகள் பள்ளி நேரத்திலும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரையிலும் பிள்ளை உதவக் கூடாது என்கின்றன. எழுத்தில் நல்ல விதிதான். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பூந்தோட்டத்தில் அதை யார் போய்ப் பார்ப்பது? பிள்ளை சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் பள்ளிக்கு வராவிட்டால் தலைமையாசிரியர் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. என் மாணவி 30 நாளும் வந்தாள். வந்து தூங்கினாள். வருகைப் பதிவேட்டில் அதற்கு ஒரு குறி இல்லை.

உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பது வெளியில் இருக்கும் பலருக்குத் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. 1993இல் 17 துறைசார் நிலைக்குழுக்களுடன் இந்த அமைப்பு தொடங்கியது. 2004இல் 24 ஆனது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. மசோதா வந்தால் துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். சங்கங்களையும் முதலாளிகளையும் வல்லுநர்களையும் கேட்கிறீர்கள். பிறகு உட்பிரிவு உட்பிரிவாகப் பேசி அறிக்கை எழுதுகிறீர்கள். ஒத்துப்போகாதவர் மாற்றுக் கருத்து எழுதி இணைக்கலாம். ஒரு மசோதாவுக்கென்றே அமைக்கப்படும் தெரிவுக் குழுவோ கூட்டுக் குழுவோ என்றால் மசோதாவின் வாசகத்தையே திருத்தி அவைக்கு அனுப்ப முடியும். உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை, பரிந்துரை மட்டும்தான். ஆனால் அவையில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவு குழு அறைக்குள் வருவதில்லை. கட்சி சொன்னதற்கு மாறாகப் பேசினால் பதவி போய்விடும் என்ற பயம் அங்கே யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தன் மனத்தில் பட்டதைச் சொல்லக்கூடிய இடம் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

அந்த அறையின் கதவு வரைக்கும் வரும் மசோதாக்களே குறைந்துகொண்டு போகின்றன. 14ஆவது மக்களவைக் காலத்தில் 60 விழுக்காடும் 15ஆவதில் 71 விழுக்காடும் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் 16 விழுக்காடு.

பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைச் சேர்த்து எழுதிய மூன்று சட்டத் தொகுப்புகளில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவை உங்களிடம் வந்தவை. தொழில் உறவுகள் தொகுப்பு 2019 நவம்பரில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்கு வந்தது. 2020 ஏப்ரலில், நாடே ஊரடங்கில் இருந்த நேரத்தில், அறிக்கை கொடுத்தீர்கள். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்தலாம் என்று பெரும்பான்மை சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இடதுசாரி உறுப்பினர்களுக்கும் உடன்பாடில்லை. மாற்றுக் கருத்து எழுதினார்கள். ஆனால் அதே பரிந்துரையோடு குழு ஒரு பூட்டும் போட்டிருந்தது. அந்த எண் சட்டத்திலேயே இருக்க வேண்டும், அரசாணை போட்டு அதை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அரசிடம் இருக்கக் கூடாது, தொழிலாளர் சட்டத்தை நிர்வாக வழியில் திருத்துவது நல்லதல்ல என்பது குழுவின் கருத்து.

2020 செப்டம்பரில் புதிய மசோதா வந்தது. 300 இருந்தது. பூட்டு இல்லை. ‘அல்லது அரசு அறிவிக்கும் அதற்கு மேற்பட்ட எண்ணிக்கை’ என்ற சொற்கள் அப்படியே இருந்தன. நீங்கள் சேர்த்துச் சொன்ன இரண்டில் அரசு தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. 19ஆம் தேதி சனிக்கிழமை அறிமுகம், 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மக்களவை, 23ஆம் தேதி புதன்கிழமை எதிர்க்கட்சிகள் புறக்கணித்த மாநிலங்களவை. மூன்று தொகுப்புகளும் ஒன்றாகவே நிறைவேறின. மாற்றி எழுதப்பட்ட மசோதாக்கள் உங்களிடம் திரும்பி வரவில்லை.

மூன்று தொகுப்புகளையும் பற்றிக் குழு செய்த 233 பரிந்துரைகளில் 174 ஏற்கப்பட்டன என்று அரசு அப்போது பெருமையோடு சொன்னது. நான் கணக்கு ஆசிரியை. ஏறக்குறைய 75 விழுக்காடு என்றால் நல்ல மதிப்பெண்தான். ஆனால் விடைத்தாளில் எந்தக் கேள்வியை விட்டார்கள் என்று பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் நான் படித்ததில்லை. மீதி 59 எவை? ஒவ்வொன்றையும் ஏன் ஏற்கவில்லை? மசோதாவை அவையில் வைக்கும்போதே, பரிந்துரை வாரியாக, ஏற்றது இது, ஏற்காதது இது, காரணம் இது என்று ஒரு பட்டியலை அமைச்சர் உறுப்பினர்களின் கையில் கொடுக்க வேண்டும். வாக்களிப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். இதை வலியுறுத்த உங்களைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

அவை நினைத்தால் குழுவின் சொல்லுக்கு மரியாதை உண்டு என்பதற்குக் கல்வித் துறையிலேயே சான்று இருக்கிறது. 2010 ஆகஸ்டில், கல்வி நிறுவனங்களின் வழக்குகளை விசாரிக்கத் தனி அமைப்பை உருவாக்கும் கல்வித் தீர்ப்பாயங்கள் மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. நிலைக்குழுவின் பரிந்துரைகளை ஒதுக்கிவிட்டார்கள் என்று அங்கே எழுந்து பேசியவர்களில் ஆளும் காங்கிரஸின் சொந்த உறுப்பினர் கே. கேசவ ராவும் ஒருவர். மசோதா அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. தன் கட்சி அமைச்சர் கொண்டுவந்த மசோதாவை ஒருவர் குழுவின் பெயரைச் சொல்லித் தடுக்க முடிந்தது. அந்தத் துணிச்சலைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன். ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் இன்னும் கூடுதலாகவே எதிர்பார்க்கிறேன்.

எங்கள் மாநிலத்தையும் விட்டுவிடக் கூடாது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா வந்தது. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா. 12ஆம் தேதி அறிமுகம், 21ஆம் தேதி குரல் வாக்கெடுப்பு. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. 24ஆம் தேதி தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசியபின் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அரசு இறங்கி வந்ததை நான் பாராட்டுகிறேன். ஆனால் சங்கங்களோடு உட்கார்ந்து பேசிய அந்தப் பேச்சு, வாக்கெடுப்புக்கு மூன்று நாள் பிந்தி நடந்தது. அதை முன்னதாகவே நடத்துவதற்குத்தான் குழு என்ற ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 1980 முதலே பொருட்குழுக்கள் என்ற துறைவாரிச் சட்டமன்றக் குழுக்கள் மசோதாக்களைப் பார்க்கின்றன. அங்கே துறை அமைச்சரே தலைவராக இருப்பது எனக்கு உவப்பில்லை என்றாலும், ஒன்றுமே இல்லாததைவிட அது மேல்.

இனி உங்களிடம் நேராகக் கேட்க வேண்டியவை. உங்கள் கூட்டங்கள் பூட்டிய கதவுக்குள் நடக்கின்றன. மனம் விட்டுப் பேச அது தேவை என்கிறீர்கள். விசாரணைக் கட்டத்துக்கு அதை நான் ஏற்கிறேன். வாக்களிப்புக்கு ஏற்க முடியவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கல்விக்கும் தொழிலாளருக்கும் ஒரே குழுதான். அங்கே மசோதாவை வரி வரியாகத் திருத்தும் கூட்டம் மக்கள் பார்க்கவே நடக்கிறது. பெயர் சொல்லி வாக்கெடுத்தால், எந்தத் திருத்தத்துக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்பது பதிவாகி வெளியே வருகிறது. இங்கே மாற்றுக் கருத்து எழுதியவரின் பெயர் மட்டும் தெரிகிறது. பேசாமல் சம்மதித்தவர் யார் என்பது தெரிவதில்லை. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 பேர் இருந்தால் உங்கள் கூட்டம் செல்லும். அப்படியானால் கோடிக்கணக்கானவர்களின் வேலை நேரத்தைப் பற்றிய ஒரு பரிந்துரையை ஆறு பேர் முடிவு செய்துவிட முடியும். அந்த ஆறு பேர் யார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். ஒரு மசோதா ஒரு குழுவுக்குத்தான் போகிறது. குழந்தைத் தொழிலாளர் மசோதா தொழிலாளர் குழுவுக்குப் போனது. ஆனால் அது முழுக்க முழுக்கப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய மசோதாவும்தான். தொழில் பழகுநர், திறன் பயிற்சி என்று வரும் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு முகமும் உண்டு. பிள்ளையை ஒரு குழு தொழிலாளராகவும் இன்னொரு குழு மாணவராகவும் பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் நடுவில் தூங்கி விழும் பிள்ளை யார் கண்ணிலும் படாது. ஒன்றிடம் மசோதா வந்தால் மற்றதிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேளுங்கள். சாட்சி சொல்ல அழைப்பவர்களில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையும் ஒரு கூலித் தொழிலாளியும் இருக்கட்டும். கருத்துக் கேட்கும் அறிவிப்பு எங்கள் மொழியிலும் வரட்டும். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மற்றவர்களுக்கு இதைப் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

நடைமுறையில் இருக்கும் சட்டம் எப்படி நடக்கிறது என்று ஆராயவும், நேரில் போய்ப் பார்க்கவும் உங்களுக்கு வழி உண்டு. 2013இல் உங்கள் குழு எச்சரித்தது நடந்ததா இல்லையா என்று 2016 சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதற்காகப் பயணம் வைத்தால் மல்லிகைப் பருவத்தில் எங்கள் மாவட்டத்துக்கு வாருங்கள். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கோடு திரும்பிவிட வேண்டாம். தோட்டங்களுக்கு நான் வழி காட்டுகிறேன். நீங்கள் தங்கும் இடத்திலிருந்து மூன்றரை மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மதுரை மாவட்டம்