மூலப் படங்களைக் காப்பாற்றுங்கள்: யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் செய்தித்தள நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அச்சில் வந்தபிறகு அந்தக் கதை எடுபடவில்லை. கிட்டத்தில் நின்று சுட்ட காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அந்தப் படங்கள் ஏன் அவ்வளவு பலமாக இருந்தன? யார் எடுத்தது, எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தது. இன்று உங்கள் பக்கங்களில் வரும் படங்களில் எத்தனைக்கு அந்தப் பதில் இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் செய்திப் படம் எடுக்கிறவர்களில் ஒருவனாக இதைக் கேட்கிறேன்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரதேச நிருபர் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அங்கேயே படத்தின் அளவு சுருங்கிவிடும். கமரா பதிந்த நேரமும் மற்ற விபரங்களும் அழிந்துவிடும். பக்கம் வடிவமைப்பவர் இடத்துக்கு ஏற்ப வெட்டுகிறார். மூலப் படம் நிருபரின் போனிலேயே கிடக்கிறது. போன் மாறினால், அல்லது அவர் வெளிநாடு போய்விட்டால், அதோடு சரி. அடுத்த வருடம் அதே படம் எடுத்தவர் பெயரில்லாமல், 'கோப்புப் படம்' என்று திரும்ப வருகிறது. முள்ளிவாய்க்கால் படங்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் நடப்பது இதுதான். வேறு நாட்டுப் போரின் படம் நம்முடையதென்று முகநூலில் சுற்றுகிறபோது மறுத்துச் சொல்ல நம்மிடம் மூலம் இருப்பதில்லை. செயற்கை நுண்ணறிவால் படம் செய்யக்கூடிய காலத்தில் இந்தக் குறை உண்மையான படத்தையும் பொய்யென்று தள்ளிவிட வழிசெய்கிறது.

பழைய நெகட்டிவ்களின் நிலை இன்னும் மோசம். ஓர் அலுவலகத்தில் அவை ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழியும் நிலையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் பொருட்களைத் தடுத்த பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு பற்றரிக்கே திண்டாடிய நாட்களில், கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த நாட்களில் எடுத்த படங்கள் அவை. ஒவ்வொரு பிலிமையும் எண்ணி எண்ணித்தான் எடுத்திருப்பார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நகர்ந்ததை இன்றைய பிள்ளைகள் அறிவது அப்படியான சில படங்களால்தான்.

அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஐந்து வருடத்துக்கு முன், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியாலத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த நாளின் படங்களை நம் பத்திரிகைகளில் நான் காண்பதே அரிது. எடுக்கவில்லையா, எடுத்தும் போடவில்லையா? உங்கள் அலுமாரிகளைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். நமக்கு நடந்ததை மட்டும் காப்பாற்றி, நம்மிடையே நடந்ததை விட்டுவிட்டால், அதை ஆவணம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அந்தத் தொடர் போராட்டத்தில் அம்மாமார் கையில் ஒரு படம் இருக்கும். அடையாள அட்டைப் படமாக இருக்கலாம், கலியாணப் படத்தில் வெட்டி எடுத்த முகமாக இருக்கலாம். நாங்கள் அழுகிற முகத்தைத்தான் எடுக்கிறோம், நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். கையிலிருக்கும் படம் மங்கலாகப் பின்னால் போய்விடுகிறது. பல வீடுகளில் அது ஒன்றுதான் மிச்சம். பதில் கிடைக்காமலே கண்மூடிய பெற்றோர் பலர். அவர்களுக்குப் பிறகு அந்தப் படம் எங்கே போகிறது?

செம்மணியைப் பாருங்கள். 2025இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தின் மனிதப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் பொம்மையும் வந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவின்படி, கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் வந்து பார்த்து அடையாளம் சொல்ல வைத்தார்கள். முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த சட்டையை எந்தத் தாய் உறுதியாகச் சொல்வாள்? வீட்டில் ஒரு பழைய படம் இருந்து, அதில் பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டிருந்தால் சொல்லலாம். ஆகவே போராட்டத்துக்கு அனுப்பும் படப்பிடிப்பாளரிடம் சொல்லுங்கள்: சம்மதம் கேட்டு, அந்த வீட்டுப் படத்தையும் நேராக, தெளிவாக ஒரு பிரதி எடுக்கட்டும். காணாமற்போனவரின் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட திகதி எல்லாவற்றையும் எழுதட்டும். எது அச்சில் போகலாம், எது போகக்கூடாது என்பதைக் குடும்பமே முடிவுசெய்யட்டும். முகம் வெளியில் வந்ததால் விசாரணைக்கு அலைந்த வீடுகள் இங்கே உண்டு.

ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் 2021இல் இலங்கை பற்றிய சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்க வழிசெய்தது. 2020இல் வந்த பேர்க்லி நெறிமுறை டிஜிட்டல் சான்றுகளை எப்படிக் காப்பது என்று சொல்கிறது. அதன் சாரம் எந்தச் சிறு அலுவலகத்துக்கும் முடியாததல்ல. மூலக் கோப்பில் கைவைக்கக்கூடாது. அது யாரிடமிருந்து யாரிடம் போனது என்று எழுதிவைக்க வேண்டும். வட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், விபரங்கள் அழியாது.

பிரதி ஒன்று கட்டாயம் அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 1981இல் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்த நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. 2013 ஏப்ரலில் 'உதயன்' அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள். 2005 முதல் நம் எழுத்துகளை மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனத்தோடு பேசிப் பாருங்கள்.

எடுத்தவரின் பெயரையும் படத்தின் கீழ் போடுங்கள். ஆபத்தென்று அவரே மறுத்தால் மட்டும் விடுங்கள், ஆனால் உள்ளே எழுதிவையுங்கள்.

முதலில் 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட நெகட்டிவ்களில் தொடங்கலாம், அவைதான் வேகமாகப் பழுதாகின்றன. எடுத்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். படத்தைக் காட்டினால் இடமும் நாளும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்திருந்து, துடைத்து, ஸ்கான் செய்து, விபரம் எழுத நாங்கள் சிலர் தயார். சம்பளம் வேண்டாம். அலுமாரித் திறப்பும் ஒரு மேசையும் தாருங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துச் செய்திப் படப்பிடிப்பாளன் ஒருவன்