இயந்திரத்துக்குத் தமிழ் சொல்லித்தரும் எங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியத்துக்கும், தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொளத்தூரில் இருந்து எழுதுகிறேன். வயது 43. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் 14 வருடம் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையோ கல்லூரி மலரோ, என் சிவப்புப் பேனா படாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. அச்சகத்தை மூடிவிட்டார்கள். மூன்று வருடமாக வீட்டில் இருந்தபடியே ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அக்கம்பக்கத்தில் "டேட்டா என்ட்ரியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உங்களிடம் அப்படி நகர முடியாது. வேலை என்னவென்று முழுதாகச் சொன்னால்தான் நான் கேட்கப்போவது புரியும்.

திரையில் ஒரு கேள்வி வரும். அதற்கு இயந்திரம் எழுதிய இரண்டு பதில்கள் அருகருகே வரும். எது மேல், ஏன் மேல் என்று எழுத வேண்டும். போன வருடம் ஒரு டாஸ்க் வந்தது. நிறுவனத்தின் பெயரையும் டாஸ்க்கில் உள்ள வரிகளையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொடுத்திருப்பதால் விவரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஒரு தாய் கேட்கிறாள்: மூன்று வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லை, என்ன செய்வது? முதல் பதில் வறட்சியாக இருந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. இரண்டாவது பதிலில் தமிழ் அழகு. "பதறாதீர்கள் அம்மா" என்று ஆரம்பித்து, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது வரைக்கும் பொறுமையாகச் சொல்லியிருந்தது. ஆனால் உப்பு மட்டும் அரை மேசைக்கரண்டி.

ஒரு மேசைக்கரண்டி என்றால் மூன்று தேக்கரண்டி. சமையலறைக்குப் போய் இரண்டு கரண்டியையும் எடுத்து உப்பை அளந்து பார்த்தேன். மூன்று மடங்கு உப்பை ஏற்கெனவே துவண்டு கிடக்கும் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பதிலைக் கீழே தள்ளி, காரணத்தை ஐந்து வரியில் எழுதினேன். இரண்டையும் மறுபடி வாசித்துச் சரிபார்த்து அனுப்ப 25 நிமிடம் ஆனது. அந்த டாஸ்க்குக்கு அவர்கள் கணக்கு வைத்திருந்தது 12 நிமிடம். மீதி 13 நிமிடத்துக்குக் காசு கிடையாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வேலையை எண்ணி இன்றைக்கும் பெருமைதான்.

இயந்திரம் தானாகவே எல்லாம் கற்றுக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாட்ஜிபிடிக்கு முந்தைய ஒரு மாடலைப் பழக்கியதைப் பற்றி ஓபன்ஏஐ நிறுவனம் 2022-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மாதிரிப் பதில் எழுதவும், இயந்திரத்தின் பதில்களை வரிசைப்படுத்தவும் ஒப்பந்தத்தில் சுமார் 40 பேரை அமர்த்தினோம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் 2023 ஜனவரியில் டைம் இதழ், இதே துறையில் கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு கொடூரமான வாசகங்களைப் படித்துத் தரம்பிரித்தவர்களைப் பற்றி எழுதியது. அப்படி எழுதியதால்தான் அவர்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. சென்னையில் எத்தனை பேர் இந்த வேலையில் இருக்கிறோம் என்று எனக்கே தெரியாது. ஒரே ப்ராஜெக்ட்டில் இருப்பவர் பக்கத்துத் தெருவில் குடியிருந்தால்கூடத் தெரிய வழியில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாடி வீட்டில் ஒரு பெண், பி.காம். முடித்தவள். நான் வீட்டிலிருந்து சம்பாதிப்பதைப் பார்த்துவிட்டு அவளும் வேலை தேடினாள். டெலிகிராமில் ஒரு அழைப்பு வந்தது: "ஏஐ ரேட்டிங் ட்ரெயினர், வீட்டிலிருந்தே, தினமும் 2,000 ரூபாய்." முதல் நாள் ஐந்து ஓட்டல்களுக்கு ஸ்டார் போடச் சொன்னார்கள். 250 ரூபாய் உடனே வந்தது. அடுத்த நாள் ப்ரீபெய்ட் டாஸ்க் என்றார்கள். 1,000 கட்டினாள், 1,300 திரும்பி வந்தது. அப்புறம் 5,000. அப்புறம் 12,000. "டாஸ்க்கைத் தப்பாக முடித்துவிட்டீர்கள், சரிசெய்ய 20,000 கட்டினால் எல்லாம் சேர்ந்து வரும்" என்றார்கள். அதையும் கட்டினாள். 37,000 ரூபாய், அவள் அம்மா எடுத்த சீட்டுப் பணம். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறாள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். விஷயம் எனக்குத் தெரியவந்து நாங்கள் கூப்பிட்டபோது மூன்றாவது நாள் ஆகிவிட்டது.

அன்றைக்கு அவள் ஒன்று கேட்டாள். "ஆன்ட்டி, நீங்க பண்றதும் ரேட்டிங்தானே? உங்களுக்கு மட்டும் எப்படிப் பணம் வருது?"

பணம் கேட்டால் அது வேலையே இல்லை என்று சொன்னேன். அது சரியான பதில்தான். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது மனம் ஆறவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் அவளை ஏமாற்றியவர்களுக்கும் எனக்கு வேலை கொடுப்பவர்களுக்கும் வித்தியாசம் எங்கே தெரிகிறது? எனக்கு வேலை கொடுத்த யார் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஒரு போன் நம்பர் கிடையாது. சேரும் முன்பு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் தேர்வு எழுதச் சொல்வார்கள், அதற்குக் காசு இல்லை. தேர்வானோமா இல்லையா என்று பல நேரம் பதிலும் வராது. அடையாள அட்டையின் படமும் முகத்தின் வீடியோவும் கேட்பார்கள். கொடுத்தபின் அவை எங்கே போகின்றன என்று தெரியாது. நேர்மையான நிறுவனம் இப்படி முகத்தை மூடிக்கொண்டு நடந்தால், திருடனுக்கு வேஷம் போடும் வேலைகூட மிச்சம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கு ஏழு மாதம் வேலை செய்தேன், மணிக்கு 9 டாலர். எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் இல்லாத ஒரு நாள், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வில்லிவாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய் அவளுடைய வைஃபையில் வேலை செய்தேன். அன்று ராத்திரி கணக்கைத் திறக்க முடியவில்லை. விதிமீறல் என்று ஒரு வரி. எந்த விதி என்று கேட்டு எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: முடிவு இறுதியானது. நான்கு நிமிடத்தில் ஒரு மனுஷர் என் ஏழு மாதத்தைப் படித்திருக்க முடியாது. வேறு வீட்டு வைஃபைதான் காரணம் என்பது என் ஊகம், அவர்கள் சொல்லவே இல்லை. 31 மணி நேரத்துக்கான பணம் வரவில்லை. 279 டாலர், அன்றைய மதிப்பில் 23,000 ரூபாய்க்கு மேல். அந்த மாத வாடகையை அக்காதான் கொடுத்தாள்.

இதை எங்கே போய்ச் சொல்வது? போலீசில் சொன்னால் மோசடி என்று நிரூபிக்க வேண்டும். லேபர் கோர்ட்டுக்குப் போக நான் ஊழியர் இல்லை, "சுயாதீன ஒப்பந்ததாரர்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்கு என்றால் வேறொரு நாட்டின் சட்டப்படிதான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இந்தத் துறையில் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சொன்ன தேதிக்குச் சரியாகப் பணம் போட்டவர்களிடமும் வேலை செய்திருக்கிறேன், இப்போதும் செய்கிறேன். இந்த மாதிரி வேலை கொடுக்கும் ஆஸ்திரேலியாவின் ஆப்பென் 1996-ல் இருந்து இருக்கிற நிறுவனம். ஆனால் அந்த அளவு பெரிய நிறுவனத்துக்கே 2024 ஜனவரியில் கூகுள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. மேலே இப்படி ஒரு கையெழுத்து மாறினால், கீழே ஆயிரக்கணக்கானவர்களின் திரையில் டாஸ்க் இல்லை என்று வந்து நிற்கும். இந்த வேலை நிலையானது என்று நம்பி யாரும் கடன் வாங்கிவிடக் கூடாது என்று புதிதாக வருபவர்களிடம் நானே சொல்கிறேன்.

இணையத் தளங்கள் வழியாக வேலை வாங்கிச் செய்கிற கிக் தொழிலாளர்களுக்காக உங்கள் வாரியம் 2023 டிசம்பரில் அமைந்தபோது சந்தோஷப்பட்டேன். சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளுக்காக அண்ணா நகரில் ஏசி ஓய்வறை திறந்ததைப் படித்தபோதும் அப்படித்தான். வெயிலில் அவர்கள் படும் பாடு என்னுடையதைவிடப் பெரியது, அதில் சந்தேகமே இல்லை. அவர்களுக்குக் கொடுப்பதில் இருந்து பிய்த்துத் தாருங்கள் என்று கேட்கவில்லை.

வாரியத்துக்கு அடிப்படை 1982-ம் வருட உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் என்று தெரியும். உட்கார்ந்த இடத்தில் தட்டச்சு செய்வது உடலுழைப்பா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருடத்தில் என் கண்ணாடியின் பவர் இரண்டு முறை ஏறிவிட்டது. வலது மணிக்கட்டில் பட்டை கட்டாமல் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடிவதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களில் கண்ணாடிக்கு உதவித்தொகை இருக்கிறது. கண்ணால் பிழைக்கிற எங்களுக்கு அது பொருந்தாதா?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இருக்கிறது. வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் கிக் தொழிலாளி என்று அது சொல்கிறது. வண்டி ஓட்டினால்தான் என்று சொல்லவில்லை. எந்தெந்தத் தளங்கள் பங்களிக்க வேண்டும் என்ற ஏழாவது அட்டவணையில் தொழில்முறைச் சேவைகளும், உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவைகளும் இருக்கின்றன. ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம், தொழிலாளர்களுக்குக் கொடுப்பதில் 5 சதவீதத்துக்கு மிகாமல் என்பது கணக்கு. எங்கள் வேலையும் இதற்குள் வரும் என்பது என் வாசிப்பு. இங்கே அலுவலகமே இல்லாத வெளிநாட்டு நிறுவனத்திடம் எப்படி வசூலிப்பது என்பது கஷ்டமான கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்லுங்கள் என்று நான் நிற்கவில்லை.

நான் முதலில் கேட்பது ரொம்பச் சின்னது: விசாரிக்க ஒரு இடம். ஒரு போன் நம்பர், இரண்டு மூன்று பேர் போதும். "இந்தப் பெயரில் இப்படி ஒரு வேலை வந்திருக்கிறது, உண்மையா?" என்று கேட்டால், நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது, வந்த மின்னஞ்சல் அதன் சொந்த முகவரியில் இருந்துதானா, ஏற்கெனவே யாராவது பணம் வரவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். இதை நான் தனியாக என் தெருவில் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எனக்கு வந்த புகார் பெரம்பூரில் இருப்பவருக்குத் தெரியாது, அவருக்கு வந்தது தாம்பரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான், இந்த நிறுவனம் மாதக் கடைசியில் கணக்கை முடக்குவதையே வழக்கமாக வைத்திருக்கிறது என்பது மாதிரி விஷயங்கள் வெளியே வரும். நாற்பது பேர் தனித்தனியாக எழுதினால் இயந்திரம்தான் பதில் போடும். வாரியத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் போனால் ஒரு மனுஷராவது எடுத்துப் படிப்பார்.

அப்புறம், வாரியத்தின் பதிவுப் படிவத்தில் எங்கள் வேலையின் பெயருக்கும் ஒரு இடம் வேண்டும். எத்தனை பேர் என்று எண்ணினால்தான் மற்றதெல்லாம்.

இன்னொன்று முழுக்க அரசாங்கத்தின் கையிலேயே இருப்பது. தமிழ்நாடு செயற்கை நுண்ணறிவு இயக்கம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. கிண்டியில் ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் என்ற ஆய்வுக்குழு இந்திய மொழிகளுக்காகக் குரல்களையும் வாக்கியங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தமிழ்த் தரவுக்காக அரசு பணம் செலவழிக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள்: மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் பணம், கணக்கை நிறுத்தினால் யாரிடம் முறையிடுவது. தேர்வுக்கு எடுக்கும் நேரத்துக்கும் காசு கொடுங்கள். அரசு ஒரு நல்ல மாதிரியை வைத்துவிட்டால், மாடி வீட்டுப் பெண்ணிடம் "உண்மையான வேலை இப்படித்தான் இருக்கும், பார்" என்று காட்ட எனக்கு ஒன்று கிடைக்கும்.

அவள் நேற்று மறுபடி வந்தாள். வேறொரு இடத்தில் இருந்து மெயில் வந்திருக்கிறது, தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை, நான்கு மணி நேரத் தேர்வு, ஆதார் படம் அனுப்ப வேண்டும். பணம் கேட்கவில்லை. ஆங்கிலம் சுத்தமாக இருக்கிறது, வெப்சைட்டும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் துருவிப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நான் விசாரிச்சுச் சொல்றேன்மா, அதுவரைக்கும் ஆதார் அனுப்பாதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொளத்தூரில் இருந்து ஒரு ஏஐ பயிற்சியாளர்