முளைகட்டிய கேழ்வரகும் பேரனின் கஞ்சியும்

தருமபுரி,
ஞாயிறு காலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் ஓடி வந்து தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எனக்கு மூட்டுவலி இப்போது தேவலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேழ்வரகுக் கஞ்சி கெட்டியாக இருந்தால் துப்புகிறான், தண்ணீர் சேர்த்தால் வயிறு நிறைகிறதே தவிர உடம்பில் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஒரு வழி இருக்கிறது.

செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்துப் பருத்தித் துணியில் முடிந்து வைத்தேன். நூல் மாதிரி வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, அரைத்துச் சலித்தேன். அப்புறம் சாதாரண மாவில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கினேன். சூடு சற்றுத் தணிந்ததும் முளைமாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறினேன். சில நிமிடங்களில் கஞ்சி இளகிக் கரண்டியிலிருந்து வழிய ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை, மீனா!

இது அமைலேஸ் என்ற நொதியின் (என்சைம், உயிர்களுக்குள் வேதிமாற்றங்களை வேகப்படுத்துகிற பொருள்) வேலை. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான மாலை. வெந்ததும் அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால்தான் கஞ்சி இறுகுகிறது. நொதி அந்த மாலையை நடுநடுவே வெட்டுகிறது. வெட்டியபின் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடும், அதனால்தான் ஒரு ஸ்பூன் மாவு ஒரு பாத்திரம் கஞ்சிக்குப் போதும். விதை தன் முளைக்குச் சோறு போடுவதற்காகச் சுரக்கிற நொதி இது. நான் முடிந்து வைத்த பருத்தித் துணியும் குளுக்கோஸ் மாலைதான், தெரியுமா? ஆனால் அதில் மணிகளைக் கோத்த விதம் வேறு. மாலையைப் பிடித்து வெட்ட நொதியில் ஒரு குழி உண்டு, அதற்குள் இது பொருந்தாது, ஒரு நூல்கூட இற்றுப்போகாது. எத்தனை வருடம் பாடம் நடத்தியும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு அடங்கியதே இல்லை. 1833இல் பாரிஸில் பாயன், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி அதுதான்.

சூட்டில் மட்டும் கவனமாக இரு. கொதிக்கிற கஞ்சியில் போட்டால் நொதியின் உருவமே குலைந்துவிடும், பிறகு ஆறினாலும் வேலைக்கு ஆகாது. முதல் தடவை நான் அவசரப்பட்டுப் போட்டேன், கஞ்சி அப்படியே இறுகிக் கிடந்தது. ஒரேயடியாக ஆறிப்போனாலோ வேலை மந்தமாகிவிடும். தொட்டால் சுட வேண்டும், கையை உதற வைக்கக் கூடாது, அந்தப் பக்குவம். வாசனைக்காக முளைமாவைக் கருக வறுத்துவிடாதே. புளித்த மோரையும் முதலிலேயே விடாதே, புளிப்பு மிஞ்சினால் இந்த நொதி முடங்கிவிடும். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ்கூட வயிற்று அமிலத்தில் ஓய்ந்துவிடுகிறது. கஞ்சி இளகியதும் மறுபடி நன்றாக ஒரு கொதி விட்டு இறக்கு. முளைகட்டிய மாவில் கிருமி இருக்கலாம், பிள்ளைக்குப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது.

அடுத்த வாரம் தம்பி அந்தப் பக்கம் வருகிறான். ஒரு டப்பா முளைமாவு கொடுத்தனுப்புகிறேன். பிள்ளை குடித்தானா என்று அன்றைக்கே போன் செய்.

அன்புடன்,
சாரதா