வலை நிற்கும் கடலைச் சுற்றி வாருங்கள்: தீவுப் பயணப் படகுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீவுக்கு ஒருநாள் பயணம் நடத்தும் படகு உரிமையாளர்களுக்கும் சுக்கான் பிடிப்பவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள் படகு ஒன்று எங்கள் வலையின் மேல் ஓடி அதை அறுத்துவிட்டதை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. எந்தப் படகு, வலையின் முனையில் நின்ற கொடிக்கு எந்தப் பக்கமாக ஓடியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். "ஒரு வலைதானே, காசைக் கொடுத்துவிட்டால் போச்சு" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. அந்தப் பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது.

வலையின் கண்ணி மட்டும் கிழிந்திருந்தால் கரையில் உட்கார்ந்து பொத்திவிடலாம். அதுவும் லேசான வேலை இல்லை. கிழிசலின் ஓரத்தில் தொங்கும் நூலையெல்லாம் நறுக்கி, மூன்று நூல் நிற்கும் முடிச்சில் தொடங்கி அதேபோல் இன்னொரு முடிச்சில் முடிக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி கணக்குப் பிசகினாலும் வலை ஒரு பக்கமாகக் கோணும். வலை பின்னும் நைலான் இழையான தங்கூசி வழுக்கும் என்பதால் ஒவ்வொரு முடிச்சும் இரட்டையாக விழ வேண்டும். ஆனால் உங்கள் படகைத் தள்ளும் விசிறி அறுத்தது கண்ணியை அல்ல, மிதப்புகள் கோத்து வலையைத் தாங்கும் மேல்கயிற்றை. அது அறுந்தால் படகோடு கட்டிய பாதிதான் மிஞ்சும். மறுபாதி நீரோட்டத்தோடு போய்விடும். மிதப்பு பிய்ந்த இடத்தில் ஈயக்குண்டு இழுக்க, வலை தாழ்ந்து போய்க் கடலடிப் பாறையான பாரில் மாட்டும். நைலான் மட்காது. எடுக்க ஆளில்லாத அந்த வலை அங்கே மீன் பிடித்துக்கொண்டே கிடக்கும். மாட்டிய மீன் அழுகும், அதைத் தின்ன வரும் நண்டும் மாட்டும். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: வலை நிற்கும் கடலைச் சுற்றி வாருங்கள்.

வலை இருப்பதே தெரியவில்லை என்கிறீர்கள். தண்ணீருக்குள் தங்கூசி தெரியாதுதான்; தெரிந்தால் மீன் ஏன் மாட்டப் போகிறது? நீங்கள் தேட வேண்டியது வலையை அல்ல, மிதப்பு வரிசையை. ஒரு மிதப்பு கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறையுங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒருவரை நிறுத்தி வரிசை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நீரோட்டத்தோடு மிதக்க விடும் விடுவலையாக இருந்தால் ஒரு முனையில் கொடி நிற்கும், மறுமுனையில் படகு நிற்கும். கொடிக்கும் படகுக்கும் இடையே வெறும் கடலாகத் தெரிவதுதான் வலை. அந்த இடைவெளியில் நுழையாமல் கொடிக்கு வெளியே சுற்றிப் போங்கள். படகில் இருப்பவர் கையைத் தூக்கி வீசினால் அது வரவேற்பு அல்ல. "அந்தப் பக்கம் போ" என்கிறார். உங்கள் பயணிகளும் திருப்பிக் கையசைத்துப் படம் எடுக்கிறார்கள்.

சுற்ற வழியே இல்லாமல் குறுக்கே போக நேர்ந்தால், இரண்டு மிதப்புக்கு நடுவே, கயிறு நன்றாகத் தொய்ந்திருக்கும் இடத்தில், நேர் குறுக்காக வாருங்கள். விசிறி சுற்றாதபடி கியரை விடுவித்துவிட்டு, வெளியே பொருத்திய இயந்திரமானால் அதைத் தூக்கிவிட்டு, வந்த வேகத்திலேயே மிதந்து கடந்து போங்கள். "மெதுவாகத்தானே போனோம்" என்ற சமாதானம் செல்லாது. இயந்திரம் நிமிடத்துக்கு 800 சுற்று என்று மந்தமாக ஓடும்போதும், பல்சக்கரம் அதைப் பாதியாக்கினால் விசிறி 400 சுற்று சுற்றும். நொடிக்கு ஆறேழு. கியர் கட்டைக்குக் கை போவதற்குள் கயிறு சுருண்டு முடிந்திருக்கும்.

மாட்டிவிட்டால் பின்னோக்கி ஓட்டி விடுவிக்கப் பார்க்காதீர்கள். சுருள் இன்னும் இறுகத்தான் செய்யும். இயந்திரத்தை அணைத்து, தூக்கி, விசிறியைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் மேல்கயிற்றை ஒரே இடத்தில் வெட்டி, இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். வெட்டிப் போட்டுவிட்டு ஓடுவதில் உங்களுக்கும் நஷ்டம் உண்டு. விசிறிக்குப் பின்னால் புகுந்த தங்கூசி, எண்ணெய் கசியாமலும் நீர் புகாமலும் தடுக்கும் முத்திரையை (ஆயில் சீல்) அறுக்கும். கடல்நீர் உள்ளே போய் கியர் எண்ணெய் பால்நிறமாகும். அதன் பிறகு பல்சக்கரம் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்கள் மெக்கானிக்குக்குத் தெரியும்.

இது ஏதோ எங்கள் ஊர்க் கட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் கடல்மோதல் தவிர்ப்பு விதிகளில் 18ஆவது, வலை விரித்து நிற்கும் படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்கிறது. 26ஆவது விதிப்படி, இழுவலை அல்லாத வலையோடு நிற்கும் படகு இரவில் சிவப்பு மேலும் வெள்ளை கீழுமாக விளக்குக் காட்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு. எங்களில் சிலரிடம் ஒரு டார்ச் மட்டும்தான் இருக்கிறது. அது எங்கள் குறை, திருத்திக்கொள்கிறோம். பட்டப்பகலில் கொடியைப் பார்க்காததற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

கரை கதையும் இதுதான். மீன் இறக்கும் நேரத்தில் துறையை அடைத்து நிற்கிறீர்கள். இடுப்பளவு தண்ணீரில் கூடையோடு நிற்பவர் மேல் உங்கள் அலை வந்து மோதுகிறது. படகு முழுவேகத்தில் எழும்பி ஓடும்போது எழும் அலையைவிட, மூக்கைத் தூக்கிக்கொண்டு அரைவேகத்தில் வரும்போது எழுவதுதான் பெரிய அலை. "வேகத்தைக் குறைத்தோமே" என்று நீங்கள் சொல்லும் வேகம் அதுதான். படகு மட்டமாக அமரும்வரை குறைத்தால்தான் குறைத்ததாகக் கணக்கு. பிறகு காயும் மீனை மிதித்துக்கொண்டு நடப்பது, கிணற்று நீரில் கால் கழுவுவது. சின்னத் தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். அதிகம் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். "கிராமத்து வாழ்க்கையை அனுபவியுங்கள்" என்று விளம்பரம் போடுகிறீர்களே, உப்புக் கிணற்றையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணிகள் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வந்தால் இளநீரும் வாங்குகிறார்கள், மீனும் வாங்குகிறார்கள். புறப்படுமுன் துறையில் யாரையாவது அழைத்து, இன்று வலை எந்தப் பக்கம் நிற்கிறது, மீன் எப்போது இறக்கி முடியும் என்று கேளுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு. சுற்றி வர ஆகும் கூடுதல் எரிபொருள் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டு, அறுந்த மேல்கயிற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயவுசெய்து வலை நிற்கும் கடலைச் சுற்றி வாருங்கள். போன வாரம் அறுந்த மறுபாதி இன்னும் கிடைக்கவில்லை. வழியில் மிதப்பு எதையாவது பார்த்தால், இழுக்காமல், இடத்தை மட்டும் குறித்து வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தீவு மீனவர்கள்